துப்பறியும் இசைத்தட்டும் என் மூளைப் பரிசோதனையும்

முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசில் அரை கிராம் குறைந்தாலும் கடைக்காரரை உலுக்கி எடுத்துவிடுவேன். ஓய்வு பெற்ற மறுநாளே அந்தத் துல்லியத்தைத் தலைமுழுகிவிட்டு, மனம்போனபடி கதை அளக்க ஆரம்பித்தேன். இந்த இலாகாவில் எனக்கு மேலதிகாரி கிடையாது.

இப்படிப்பட்டவன் கையில் போயா அந்த இசைத்தட்டு சிக்க வேண்டும்! பழைய சாமான் கடையில், குழந்தைகளுக்கான வாய்ப்பாட்டுத் தட்டுகளுக்கு அடியில் கிடந்தது. உறையில் மழைத் தெரு, ஒரு தொப்பியின் நிழல், ஒரு பெண்ணின் கால், பக்கத்தில் புகையும் துப்பாக்கி. பள்ளி நாட்களில் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த மர்ம நாவல்களின் அட்டை எழுந்து வந்து, "பாடட்டுமா?" என்று கேட்டதுபோல் இருந்தது.

"இது யார் போட்டதுங்க?"

"யாருக்குத் தெரியும் சார்," என்றார் கடைக்காரர். "நான் கடை போட்ட நாள்லேருந்து கிடக்குது. ஒருத்தர் எடுத்துட்டுப் போய் மறுநாளே திருப்பிக் குடுத்துட்டார். வீட்டுல எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்களாம்."

போதாதா? ஓட்டமாக வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தேன். சாக்ஸபோன், நாற்பது வருஷம் சுருட்டுப் பிடித்தவன்போல் இருமியது. பேஸ் கிட்டார் பூனைநடை போட்டு யாரையோ பின்தொடர்ந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு கரகரத்த குரல், எனக்குத் தெரியாத பாஷையில் ஒரே ஒரு வரி சொன்னது. 'அவளை நம்பாதே' என்றுதான் சொல்லியிருப்பான், வேறென்ன சொல்வான்? இரண்டு பக்கமும் முடிவதற்குள் ஏழு கொலைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். அன்றிலிருந்து பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு, மழைக்கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து கேட்பதே வேலை. கடும் வெயில் காலம். துப்பறிவாளர் கோட்டுக்குள் ஆவியில் வெந்துகொண்டிருந்தார்.

அதோடு நின்றிருக்கலாம். மகளுக்குப் போன் செய்து தொலைத்தேன்.

"எதிர் விளக்குக் கம்பத்துக்குக் கீழ மூணு நாளா ஒருத்தன் நிக்கிறாம்மா. முகமே இல்ல."

"என்னப்பா சொல்றீங்க?"

"மேல் வீட்டுல பொணத்தை இழுக்கிற சத்தம். ரெண்டு பொணம்."

வழக்கமாக விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்று நான் சாக்ஸபோன் பின்னணியில் கிசுகிசுத்ததுதான் வினையாகிவிட்டது. மறுமுனையில் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை நானும் அவரும் வர்றோம். இனிமே நீங்க தனியா இருக்க வேணாம்."

என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். அவள் வீடு பதினோராம் மாடி. எனக்கென்று ஒதுக்கிய அறையில் ஏற்கெனவே ஓர் உடற்பயிற்சி சைக்கிள் குடியிருக்கிறது. என் சாவி, என் நாற்காலி, என் பட்டப்பகல் இருட்டு எல்லாம் போய்விடும்.

சனிக்கிழமை காலையில் தட்டை பீரோவில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்தேன். இன்று வாயிலிருந்து உண்மையைத் தவிர வேறெதுவும் வராது என்று சபதம் செய்துகொண்டேன்.

மாப்பிள்ளை பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிறவர், அன்று என் மூளையை ஆட்டிப் பார்க்க ஒரு தாளில் கேள்விகளை அச்செடுத்து வந்திருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாமா. இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி."

"நூறுலேருந்து ஏழேழா கழிச்சுட்டே வாங்க."

கடகடவென்று இறங்கி, "மிச்சம் ரெண்டு," என்றேன்.

மிச்சக் கேள்விகளும் முடிந்தன. "பிரமாதம்! முப்பதுக்கு முப்பது!"

மகள் முகம் மட்டும் தெளியவில்லை. "அந்த முகமில்லாத ஆளு யாருப்பா?"

"தையல்கடைப் பொம்மைம்மா."

"மேல் வீட்டுப் பொணம்?"

"ஃப்ரிட்ஜ் நகர்த்தினாங்க."

"பென்ஷன் வாங்கப் போனீங்களே, பேங்க்ல கூட்டமா?"

"நாலு பேர்."

"பக்கத்து வீட்டு நாய்?"

"சின்ன நாய். சாது."

போன மாதம் அதே நாயைச் சிங்கத்தின் சித்தப்பா என்று சொல்லியிருந்தேன். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான்தான் ஓய்வு பெற்றேன்; என் காது இன்னும் பணியில்தான் இருக்கிறது.

"நாலு பேராங்க! எங்கப்பா வாயில நாலுங்கற நம்பரே வராது. நானூறு பேரும்பார், தள்ளுமுள்ளும்பார், கண்ணாடி உடைஞ்சுதும்பார்."

"முழு மார்க் வாங்கிட்டாரேம்மா."

"அதுதான் பயமா இருக்கு. அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. பெட்டியை எடுங்க."

ஐந்தே நிமிஷம். கட்டிலில் பெட்டி வாயைப் பிளந்தது. என் சட்டைகள் ஒவ்வொன்றாக அதற்குள் போயின. கடைசிச் சட்டைக்கு அடியில் தட்டு.

"இது என்னப்பா?"

'ஒரு பழைய இசைத்தட்டு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெட்டி கண்ணில் பட்டது. சபதமாவது, மண்ணாவது!

"தொடாதே! அதைக் கேட்ட பதினாலு பேர் இன்னைக்கு உயிரோட இல்ல! கடைக்காரர் இரும்புச் சங்கிலியால கட்டி வெச்சிருந்தார். நான் தூக்கிட்டு வந்த வழியெல்லாம் தெருவிளக்கு ஒவ்வொண்ணா அணைஞ்சுது!"

"பகல்லயா?"

"பகல்லதான்! அதுதானே விசேஷம்!"

அவள் உதட்டோரம் துடித்தது. "புளுகு மூட்டை," என்றாள். பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துத் திரும்பவும் பீரோவில் வைத்தாள்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஊசியை வைத்தேன். சாக்ஸபோன் இருமியது.

"அப்புறம்?" என்றாள், கட்டிலில் உட்கார்ந்து.

"ஒரு கையுறை கிடைச்சுது. அதுக்குள்ள கை இருந்துது."

இன்னொரு சட்டை வெளியே வந்தது.

"யாரோட கை?"

"ஹோட்டல் மேனேஜரோடது. ஆனா அந்த நேரத்துல அவர் அடுத்த ரூம்ல ரெண்டு கையாலயும் பியானோ வாசிச்சிட்டிருந்தார்!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரே வாரலில் மூன்று சட்டைகள் வந்தன. நான் விடவில்லை. ஒரு சட்டைக்கு ஒரு கொலை, கால்சட்டைக்கு இரண்டு. பெட்டி காலியானபோது அந்த ஊரிலேயே உயிரோடு மிஞ்சியிருந்தது நாங்கள் மூன்று பேர்தான். அதிலும் மாப்பிள்ளையைச் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருந்தேன்.