முதல் கத்தி யாருக்கு?

சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மூத்த மாப்பிள்ளையின் குடலிறக்கம் இன்று காலை ஆபரேஷன் தியேட்டருக்கு எழுந்தருளவிருந்தது.

அந்த வைபவத்தில் ஒரே ஒரு கறை. அதே வார்டில், அதே குடலிறக்கத்தோடு, பக்கத்துக் கட்டிலில் இளைய மாப்பிள்ளையும் வந்து படுத்திருந்தார். இவர் வீடு கட்டினால் அவரும் கட்டுவார். இவர் கார் வாங்கினால் அவரும் வாங்குவார். கடைசியில் குடலைக்கூடத் தன்னைப் பார்த்துத்தான் சகலை இறக்கிக்கொண்டார் என்று மூத்தவர் மனதார நம்பினார்.

இருவருக்கும் முதுகில் முடிச்சுப் போட்ட அங்கி, மணிக்கட்டில் பட்டை, வயிற்றில் பேனாவால் போட்ட அம்புக்குறி. அதுவரை சமம். நர்ஸ் வந்து, "முதல்ல இவரு," என்று இளையவரைக் காட்டியதும் மூத்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான்தாம்மா மூத்தவன். எங்க வீட்டுல எதுவானாலும் எனக்கு அப்புறம்தான் அவரு."

"இங்க அதெல்லாம் இல்ல சார். அவருக்குச் சர்க்கரை இருக்கு, ரொம்ப நேரம் பட்டினி போடக் கூடாது. அதான்."

"விடுங்கண்ணே, டாக்டர் கை எப்படின்னு நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்," என்றார் இளையவர். அந்தப் பெருந்தன்மைதான் தாங்கவில்லை.

"எனக்கும் சர்க்கரை இருக்கு."

"என்னங்க, எப்பத்துலேர்ந்து?" என்றாள் மனைவி.

"கொஞ்ச நாளா."

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். "சின்னப் பையன் ரத்தம் மாதிரி இருக்கு சார்!"

சொந்த ரத்தமே காலை வாரிவிட்டது. இளையவருக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுப்பதற்கென்று கொழுந்தியாள் கைப்பையில் எப்போதும் சாக்லேட் வைத்திருப்பாள். பை நாற்காலியில் திறந்து கிடந்தது. அக்காவும் தங்கையும் ஜன்னலோரம் பேச்சில் இருந்தார்கள். மூத்தவர் கைக்கு வந்ததை அள்ளி வாயில் போட்டு, அவசரமாக மென்று விழுங்கி, "இன்னொரு தடவ குத்திப் பாரும்மா," என்று விரலை நீட்டினார்.

நர்ஸ் விரலைப் பார்க்கவில்லை; பல்லைப் பார்த்தாள்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். "வெறும் வயித்துல இருக்கணும்னு சொன்னோமே! மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கு உங்களுக்கு ஆபரேஷன் கிடையாது."

"சாக்லேட்டுதான் டாக்டர்..."

"அதையும் என் தங்கச்சி பையிலேர்ந்தா எடுத்தீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இளையவரின் தள்ளுவண்டி நகர்ந்தது. தங்கையோடு அவளும் தியேட்டர் வாசல்வரை கூடவே போனாள்.

மூத்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். குடலிறக்கம் அப்படியே இருந்தது.