விசிலுக்குப் பிறகு

ஆமத்தூர் விலக்கில் பஸ் பஞ்சராகி நின்றபோது மாரீஸ்வரனும் ஹெப்சிபாவும் ஒரே வேப்பமர நிழலில் ஒதுங்கினார்கள். அவர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அவள் விருதுநகரில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பாட்டு டீச்சர். பிறவியிலேயே அவளுக்கும் பார்வை கிடையாது. ஊர், வேலை எல்லாம் விசாரித்து முடித்த நேரத்தில் தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் வெடிகளைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் வந்தது. ஆறு வெடிகள்.

"நாலாவதுல மருந்து கம்மியாண்ணே?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

மாரீஸ்வரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான் பட்டிருந்தது. ஆனால் பத்தொன்பது வருடம் இந்த வேலையில் பழகிய காது அவருடையது.

தீபாவளி என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்குமே என்று கேட்டார். விடுதியில் பாதிப் பேர் அன்றைக்குக் காதில் துணியை அடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடப்பார்கள் என்றாள்.

"திரி எரியிறத நீங்க பாக்குறீக, காதப் பொத்திக்கிறீக. எங்களுக்கு வெடிச்ச பிறகுதான் வெடியே தெரியும்ணே."

அடுத்த பஸ் வந்ததும் அவளுடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் ஒரு விசில் வைத்தால் என்ன என்பதுதான் அவர் யோசனை. வானத்தில் ஏறும்போதே விசிலடிக்கிற சரக்கு கம்பெனியில் உண்டு. விசில் கேட்டால் இன்னும் சற்று நேரத்தில் வெடிக்கும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளலாம். ஹெப்சிபா உடனே, சின்ன வெடிக்கு ஒரு விசில், பெரிய வெடிக்கு இரண்டு என்றாள். போனிலேயே அரை மணி நேரம் பேசினார்கள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் அவள் விஸ்வநத்தத்துக்கு பஸ் ஏறினாள். முதலாளியிடம் சொல்லி, சோதனை நடக்கும் பொட்டலுக்கு வெளியே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார் மாரீஸ்வரன். திரியின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் அவர் வைக்க, அவள் தொடையில் தாளம் தட்டியபடி கேட்பாள். ஒரு வெடிக்கும் அடுத்த விசிலுக்கும் இடையில் இன்னும் கொஞ்சம் அமைதி வேண்டும் என்பாள். சத்தமில்லாத நேரத்தை அளந்து வைக்கிற வேலை அவருக்குப் புதிது. சரியாக அமைந்த நாளில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். சொன்னால் யாருக்கும் புரியாது என்று பேசாமல் இருந்துவிடுவார்.

பிள்ளைகளுக்காக வைக்கப்போகும் வாணவேடிக்கையை எப்படி முடிப்பது என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியாகப் பெரிய வெடி இருக்க வேண்டும் என்றார் அவர். அதில்லாமல் ஜனம் எழுந்து போகாது என்பது அவர் அனுபவம். பயந்த பிள்ளைகளை அப்படி அனுப்பக் கூடாது, சடசடவென்று பொரிவது போன்ற மெல்லிய சத்தத்தில் முடிய வேண்டும் என்றாள் அவள். உங்க பிள்ளைக, நீங்களே சொல்லுங்க டீச்சர் என்று அவர் விட்டுக்கொடுத்தார்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி மைதானத்தில் வாணவேடிக்கையை வைத்தார்கள். இருட்டுவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பட்டப்பகலில் என்ன வெடி என்று தெருக்காரர்கள் சுவரோரம் வந்து நின்றார்கள். நாற்பது பிள்ளைகள் மைதானத்தின் ஓரச் சிமெண்டுத் திண்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விசில் கணக்கை ஹெப்சிபா அவர்களுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தாள். மூன்று பேர் மட்டும் அறையைவிட்டு வர மறுத்துவிட்டார்கள்.

முதல் விசிலுக்கு எல்லாக் கைகளும் காதுக்குப் போயின. ஐந்தாவது விசிலுக்குள் பல கைகள் இறங்கியிருந்தன. இரண்டு விசில் சேர்ந்து வந்தபோது யாரோ ஒரு பையன் "பெருசு வருதுலே" என்றான். வெடித்ததும் மொத்தப் பேரும் சிரித்தார்கள். மாரீஸ்வரன் இதுவரை தன் சரக்கு எரியும்போது வானத்தைத்தான் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அந்த முகங்களைவிட்டு அவர் பார்வை நகரவில்லை. அறைக்குள் இருந்த மூவரில் ஒருத்தி நிலைப்படி வரை வந்து நின்றாள்.

மெல்லிய சடசடப்பு அடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஏழாம் வகுப்பு கீர்த்திகா, "அம்புட்டுத்தானா டீச்சர்? கடைசியா பெருசு ஒண்ணு இல்லையா?" என்று கேட்டாள்.

ஹெப்சிபாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பிள்ளைகளின் பயம் தனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். அவர்களுடைய ஆசையைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. மாரீஸ்வரன் இருந்த பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி" என்றாள்.

"இல்ல டீச்சர். நான் சொன்னது ஒரு பெருசு. இவுக மூணு கேப்பாக போலருக்கு" என்றார் அவர்.

பிறகு இருவரும் திண்டில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அடுத்த வருடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.