‘சீ’ என்றால் சரி

என் நாத்தனார் ஸ்பானிஷ் மொழியில் மூன்றே மூன்று பாடம் படித்தவள். நாலாவது பாடத்தில் வினைச்சொல் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லக் கிளம்பிவிட்டாள். போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு, “ஆரம்பநிலை நண்பர்களே!” என்று வீடியோ எடுப்பாள். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். இது காலிக்குடம், அதனால் ஆட்டம் இன்னும் அதிகம்.

நான் வேலை பார்க்கும் கிடங்கு கைமாறாமல் இருந்திருந்தால் அவள் பக்கமே போயிருக்க மாட்டேன். புது முதலாளிகள் ஒரு சூப்பர்வைசரை அனுப்பினார்கள். அவருக்கு ஸ்பானிஷ் தவிர ஒரு எழுத்து தெரியாது. காதுவரை மீசை இருந்ததால் எங்களுக்கு அவர் மீசை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மாதம் கெடு. அவர் சொல்லச் சொல்ல வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும், புரியாதவர்கள் பேக்கிங்குக்குப் போக வேண்டும்.

பேக்கிங் என்றால் என்னவென்று என் முதுகைக் கேளுங்கள். எட்டு வருஷம் நின்ற இடத்தில் நின்று பெட்டிக்கு டேப் ஒட்டினேன். “பொம்பளை ஓட்டினா சுவர் மிஞ்சாது” என்றவர்கள் கண்ணெதிரே லைசென்ஸ் வாங்கி, மூன்று வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறேன். அந்த சீட்டை விட்டுக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

லேபிள் ஸ்கேன் பண்ணுகிறவளுக்கு ஸ்பானிஷ் சரளமாக வரும். “அக்கா, வண்டிக்கு மொத்தமே இருபது வார்த்தைதான். சாப்பாட்டு நேரத்துல சொல்லித் தரேன்” என்று தானாக வந்து சொன்னாள். “எங்க வீட்லயே டீச்சர் இருக்கா!” என்று பீற்றிக்கொண்டேன். கையில் அத்தனை டேப் புழங்கியவள், அன்றைக்கு என் வாயில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

டீச்சரம்மா மறுநாளே வந்து இறங்கினாள். ஃப்ரிட்ஜ், பீரோ, கக்கூஸ் கதவு என்று எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டினாள். மாமியார் முதுகுதான் தப்பியது. வாசல் நிலையில் முதல் சீட்டு: ‘சீ என்றால் ஆமாம், சரி’.

“கண்ணாடி முன்னாடி நின்னு பேசுங்க அண்ணி. தூங்கும்போது காதுல போட்டுக்கிட்டு கேளுங்க. முக்கியமா, தப்பு பண்ண பயப்படவே கூடாது.”

“நான் தப்பு பண்ணா ஒண்ணரை டன் சரிஞ்சு விழும்டி.”

“இதான் உங்க பிரச்சினை அண்ணி. நெகட்டிவா பேசுறீங்க. பேசாம என் டெக்னிக்கை எடுத்துக்குங்க. எந்த வார்த்தை கேட்டாலும் தமிழ்ல அதே மாதிரி ஒண்ணு இருக்கும், அதைப் பிடிச்சுக்கணும். இப்போ ‘பாரா’ன்னு ஒரு வார்த்தை. என்னவா இருக்கும்?”

“பாரு?”

“அவ்ளோதான்! சூப்பர் அண்ணி, உங்களுக்கு நாக்குலயே இருக்கு!”

“என் தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த மனுஷன் வேறென்ன சொல்லுவார்!

தேர்வு நாள் வந்தது. ஷாம்பு பாட்டில் அடுக்கிய பேலட்டைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் நிதானமாகத்தான் போனேன். எதிர்ப்பக்கம் இன்னொரு ஷாம்பு அடுக்கு சற்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. என் சுமை மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை, மீசைக்குத் தெரிந்தது.

“மீரா! மீரா!” என்று கத்தினார்.

எங்கள் ஷிப்டில் மீரா என்று யாருமே இல்லையே என்று யோசித்தேன்.

“பாரா! பாரா!” என்று அலறினார்.

சரி, மீராவைப் பார்க்கச் சொல்கிறார். இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், கழுத்தை வளைத்துப் பின்னாலும் பார்த்தேன். வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கத்தக் கத்த நான் இன்னும் அக்கறையாகத் தேடினேன். மடார் என்று ஒரு சத்தம். இரண்டு அடுக்கும் சரிந்து, கிடங்கு முழுக்க ரோஜா வாசனையோடு நுரை ஓடியது.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். கால் வழுக்கியது. மூன்று வருஷத்து நல்ல பேர் அந்த நுரையோடு போய்க்கொண்டிருந்தது. மீசை வந்தார், கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்து, பேக்கிங் பக்கம் கை காட்டி, ஏதோ மெதுவாகக் கேட்டார்.

“சீ!” என்றேன், என்னை நானே காறித் துப்புகிற மாதிரி.

அவர் புருவத்தைத் தூக்கி, “சீ?” என்றார்.

என்னைப் பார்த்து இவரும் சீ என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்குத் தமிழைத் தவிர எந்த மொழியும் ஞாபகம் இருக்காது. “சீ! சீ!” என்று திருப்பிக் கொடுத்தேன்.

தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்கேன் பண்ணுகிறவள் நுரையில் தாண்டித் தாண்டி ஓடி வந்தாள். “ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“என்னடி சொன்னேன்?”

“மீரான்னா பாரு. பாரான்னா நிறுத்து. அது போகட்டும். ‘பயந்துட்டீங்க போல, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுறீங்களா, இல்ல பேக்கிங்குக்கே திரும்பிப் போறீங்களா’ன்னு கேட்டாரு. பேக்கிங்கா, பேக்கிங்கான்னு கை வேற காட்டினாரு. நீங்க மூணு தடவை ஆமான்னுட்டீங்களே!”

இப்போது மறுபடி டேப் ஒட்டுகிறேன். முதுகு பழைய இடத்திலேயே வலிக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் போனும் கையுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆரம்பநிலை நண்பர்களே, இவங்க என் அண்ணி. என்கிட்ட ஒரே மாசம் படிச்சாங்க. அண்ணி, என் ஆலோசனை உங்களுக்குப் பிரயோஜனமா இருந்துச்சா?”

அவளை ஏற இறங்கப் பார்த்தேன். அடிவயிற்றிலிருந்து, சுத்தமான தமிழில் சொன்னேன்:

“சீ!”

“பார்த்தீங்களா நண்பர்களே!” என்று கை தட்டினாள் அவள். “தானா வருது!”