ஒன்பது சென்டிமீட்டர் முடி

ஏழு புள்ளி நாலு என்று காட்டியது கருவி. மறுபடி போட்டாள், ஏழு புள்ளி மூணு. மூன்றாம் தடவையும் அதே ஏழு. முடியை எடைபோட்டு, நகத்தளவு தட்டில் வைத்து உள்ளே தள்ளினால் அது எரித்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு பாதரசம் இருந்தது என்று சொல்லிவிடும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏழு என்றால் பார்ப்பார்கள். அதுவும் அந்த முடி சொந்தத் தங்கையின் தலையில் முளைத்தது, அந்தத் தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி என்றால்?

ஆய்வகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சலோ காபிச் சூடோ, புள்ளி வைக்காமல் அவள் வாயிலிருந்து ஓர் எண் வந்ததில்லை. மீன், ஆற்று மண், கிணற்றுத் தண்ணீர், ரத்தம் என்று பதினெட்டு வருஷமாக எதையெதையோ அளந்து தள்ளியவள். கர்ப்பிணிகளின் முடியில் பாதரசம் எவ்வளவு என்று ஒரு கணக்கெடுப்பு வந்தது. முப்பது பேர் வேண்டும், இருபத்தொன்பது பேர்தான் கிடைத்தார்கள். விடுவாளா? முப்பதாவது ஆளாகத் தங்கையைப் பிடித்துப் போட்டுவிட்டாள். தங்கை வீட்டோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரி பக்கம், ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு முன் அக்காவிடம், அப்பாவின் பழைய வீட்டில், வந்து தங்கியவள். வேலை நெருக்கடியில் புள்ளியக்கா போனிலேயே விவரம் சொன்னாள்: தலையோடு ஒட்டி வெட்டு, ஒன்பது சென்டிமீட்டர் போதும், நூலால் கட்டி உறையில் போட்டு வை. அப்படியே செய்து வைத்திருந்தாள் தங்கை.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒன்பது சென்டிமீட்டர் என்றால் ஒன்பது மாதம். அதை மூன்று துண்டாக நறுக்கி அளந்தால் எந்தக் காலத்தில் உடம்பில் என்ன இருந்தது என்று தெரிந்துபோகும். தலைப் பக்கம் எது, நுனிப் பக்கம் எது என்று குழம்பாமல் இருக்கத்தான் நூல். அந்த ஆய்வகத்தில் நூல் கட்டிய பக்கம் என்றால் தலைப் பக்கம். அதில் இரண்டு பேச்சு கிடையாது. நூல் பக்கத்துத் துண்டில் பூஜ்யம் புள்ளி ஆறு. நடுத் துண்டில் பூஜ்யம் புள்ளி ஒன்பது. கடைசித் துண்டில்தான் அந்த ஏழு.

ஆக, ஏழு என்பது பழைய கதை. ஆறு மாதத்துக்கும் முந்தி, தங்கை தன் புருஷன் வீட்டில் இருந்தபோது ஏறியது. பிறகு தானாகவே இறங்கிவிட்டது. புள்ளியக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வீட்டுக்குப் போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, எல்லாம் இறங்கிவிட்டது என்றாள். தங்கை ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஆனால் ஏறியது எப்படி? அங்கேதான் மண்டை காய்ந்தது. தங்கை புருஷன் விளக்குக் கடை வைத்திருந்தான். குழல் விளக்குக்குள் பாதரசம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாதா? உடனே போன் அடித்தாள். உடைந்த விளக்கை என்ன செய்கிறீர்கள், கடைச் சட்டையோடு வீட்டுக்குள் வருகிறீர்களா என்று போலீஸ்காரி மாதிரி குடைந்தெடுத்தாள். அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மனைவியைப் பார்க்க வரும்போது அவள் கேட்டதையெல்லாம் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கொடுத்தான்: கடைத் தூசி, வீட்டுத் தண்ணீர், அரிசி, தலையணை உறையில் ஒரு துண்டு. கடைசியில் தன் தலைமுடியையும் கொடுத்தான்.

எல்லாம் சுத்தம். கடைத் தூசியில் இருந்த பாதரசம் ஆய்வக மேஜைத் தூசியில் இருந்ததைவிடக் குறைவு. நாள் முழுக்க விளக்கோடு கிடக்கிறவனின் முடியில் பூஜ்யம் புள்ளி ஐந்து; தையல் மிஷினை விட்டு நகராத மனைவிக்கு ஏழா? ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர். இது என்ன கூத்து என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். முன்னால் எரித்த மாதிரியின் மிச்சம் கருவிக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று வெறும் தட்டை ஆறு தடவை உள்ளே தள்ளினாள், ஒன்றுமில்லை. எண் முன்கூட்டியே தெரிந்த முடிப்பொடியை வைத்தாள். எழுதியிருந்ததை அச்சு அசலாகச் சொன்னது. கருவி சரி, கை சரி, எண் சரி. அர்த்தம்தான் பிடிபடவில்லை. சாப்பிடும்போதே எழுந்து போய்ப் பழைய தாள்களைப் புரட்டினாள். ஆய்வகத் தலைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் லீவு போடச் சொன்னார், கேட்டால்தானே.

தெரியாததற்குப் பயந்து அவள் ஒரு காரியம் செய்தாள். டாக்டர், இனிமேல் வீட்டுக்குப் போகலாம் என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். கூட்டிப்போகப் புருஷனும் வந்து நின்றான். புள்ளியக்கா குறுக்கே விழுந்து தடுத்தாள். அந்தக் கடையில் என்னவோ இருக்கிறது, எனக்கு அகப்படவில்லை, அகப்படுகிறவரை இவளை அனுப்ப மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவன் திரும்பிப்போய்க் கடையையே சாத்திவிட்டான். தெருத் தூசிகூட ஆகாது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு என்று தங்கைக்கும் உத்தரவு. தங்கை சொன்ன சொல் தட்டாதவள். மூன்று வாரம் அப்படியே இருந்தாள்.

அன்று புள்ளியக்கா மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் தங்கை குழந்தைச் சட்டைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். டேப்பை மேல் ஓரத்தில் வைத்து, கீழே இழுத்து, அளவு முடிகிற இடத்தில் ஓர் ஊசியைக் குத்தினாள். ஊசிக்குக் கீழே கத்தரித்தாள். புள்ளியக்கா அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குட்டி, அன்னைக்கு முடி வெட்டினியே, நூலை எங்க கட்டின?"

"எங்கன்னா? தலையில ஸ்கேல வச்சு அளந்தேன். ஒம்பது வந்த எடத்துல நூலக் கட்டினேன். அதுக்குக் கீழ உள்ளத வெட்டிட்டு, அப்புறம் தலையோட வெட்டினேன். ஏன், அளவு தப்பா?"

அளவு ஒரு நூல் தப்பவில்லை. எந்தத் தையல்காரியும் அளவு தொடங்குகிற இடத்தில் அடையாளம் வைக்க மாட்டாள்; முடிகிற இடத்தில்தான் வைப்பாள். உலகத்துக்கே நூல் என்றால் தலைப் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஆய்வகத்து ஆட்களின் புத்தி. ஏழு பழைய கதை இல்லை. ஏழுதான் கடைசி மூன்று மாதம். இறங்கவில்லை, ஏறியிருக்கிறது, ஏறியது புருஷன் வீட்டில் இல்லை, இந்த வீட்டில். இந்த அறையில்.

அப்பா இருபத்தெட்டு வருஷம் பல் வைத்தியம் பார்த்த அறை அது. சொத்தைப் பல்லை அடைக்க வெள்ளித்தூளும் பாதரசமும் சேர்த்து அங்கேயேதான் குழைப்பார். சிந்தியதை அக்காளும் தங்கையும் காகிதத்தில் ஏந்தி உருட்டி விளையாடுவார்கள். பலகைத் தரையின் இடுக்கில் போனது போனதுதான்; அங்கேயே கிடந்து வருஷக்கணக்காக ஆவியாகிக்கொண்டே இருக்கும். காற்றோட்டமான அறை என்று தங்கைக்காக அதைத் திறந்துவிட்டவள் புள்ளியக்கா. ஊரெல்லாம் தூசி பொறுக்கியவள் தன் காலடியில் ஒரு துளி எடுக்கவில்லை. கடைசித் துண்டு பழசு என்று நூல் சொல்லிவிட்டதே, பிறகு எதற்கு எடுப்பாள்?

தங்கையைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஆய்வகத்துக்கு ஓடிப்போய்க் காற்றில் பாதரசம் பார்க்கும் கைக்கருவியை வாங்கி வந்தாள். பலகை இடுக்கின்மேல் அதைப் பிடித்தாள். எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. கட்டிலுக்கு அடியில் இன்னும் மோசம். தங்கையின் சிறுநீரையும் அன்று மாலையே அளந்துவிட்டாள். அதுவும் அதையேதான் சொன்னது.

கூடத்தில் தங்கையின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான்தான் தலைகீழாகப் படித்துவிட்டேன் என்றாள். தங்கை சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"அவரு கூட்டிட்டுப் போறேன்னு வந்து நின்னாரு. நீதாங்க்கா விடல. ஜன்னல சாத்துன்னும் நீதான் சொன்ன."

ஆமாம் என்று புள்ளியக்கா தலையாட்டினாள். செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் காலையிலேயே தங்கை புருஷன் வண்டியோடு வந்துவிட்டான். முந்தின நாளே டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. அந்த அறையை விட்டதே பாதி வைத்தியம், இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்போம், குழந்தையைப் பற்றி இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அந்த அறையில் இருந்த துணிமணி ஒன்றும் வேண்டாம் என்று தங்கை புதுச் செருப்போடும் ஒரே மாற்றுத் துணியோடும் கிளம்பினாள். புள்ளியக்கா வாசலில் அவனை மறித்து, கடையைப் பற்றித் தான் பேசியதெல்லாம் தப்பு, மன்னிக்க வேண்டும் என்று சொன்னாள். அவன் தலையாட்டினான், ஆனால் அது அவன் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"அத விடுங்கக்கா. டாக்டரு போன்ல என்னென்னமோ சொல்றாரு, எனக்கு ஒண்ணும் புரியல. கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

கடையைச் சாத்திய மனுஷன் கேட்கிறான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ எண் சொன்ன வாய்க்கு இதற்கு ஓர் எண் அகப்படவில்லை.

"தெரியல, தம்பி," என்றாள்.

அவன் வண்டியின் பின்கதவைத் திறந்து, மனைவியை மெதுவாக உட்கார வைத்தான்.