இடது பக்கம் இருக்கிறவர்கள் முதலில்

வெல்டரின் சட்டைக் காலரில் ஏதோ வந்து விழுந்தது. தட்டிவிடப் போனவன், விரலில் ஒட்டியதைப் பார்த்தான். விரிசல் அடைக்கும் பட்டிப் பூச்சில் நகத்தளவுத் துண்டு. ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்ட். எங்கிருந்து விழுந்தது என்று அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் அதை அங்கே அப்பியவனே அவன்தான்.

சர்ச்சின் பின்பகுதியில், தலைக்கு மேலே, பாடகர் குழு உட்காரும் பால்கனி. அதன் முன்விளிம்பை இரண்டு இரும்புத் தூண்கள் தாங்கின. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தூண்களையும் அவற்றின் மேல் கிடக்கும் உத்திரத்தையும் வெல்டிங் வைத்து ஒட்டியவன் அவன். அப்போது புதுசாகக் கல்யாணமானவன். "நம்ம பிள்ளை செஞ்ச வேலை" என்று சபையில் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அந்தப் பெருமை இன்றுவரை குறையவில்லை. அதனால்தான் மூன்று மாதத்துக்கு முன், மின்விசிறி மாட்ட ஏணியில் ஏறியபோது, இடது தூணின் உச்சியில் வெல்டிங் தழும்பு தலைமுடி அளவுக்கு விரிந்திருப்பதைப் பார்த்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. துருவைச் சுரண்டினான், பட்டியை அப்பினான், பெயிண்ட் அடித்தான். ஒரு நாள் ஆளில்லாத நேரமாக வந்து சத்தமில்லாமல் சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தான். அந்த ஒரு நாள் வரவே இல்லை.

இப்போது அண்ணாந்து பார்த்தான். தலைமுடி அளவாக இருந்த விரிசல் தீக்குச்சி நுழையும் அளவாகியிருந்தது.

அன்று திடப்படுத்தல் ஆராதனை, வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் நாள். பதினான்கு பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் வந்திருந்ததால் கீழே இடம் போதாமல் பாதிக் கூட்டம் மேலே ஏறியிருந்தது. வழக்கமாக முப்பது பேர் உட்காரும் பால்கனியில் எண்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் அவன் மனைவி ஒருத்தி. பாடகர் குழுவை நடத்துகிறவள். அவள் பக்கத்தில் எட்டு வயது மகள்.

கத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மேலேயிருந்து இறங்க ஒரே படிக்கட்டு, வலது மூலையில், ஒரு ஆள் அகலம். எண்பது பேரும் ஒரே மூச்சில் எழுந்து ஓடினால் உத்திரம் அந்த உதறலுக்கே விட்டுவிடும். கத்தாவிட்டாலும் அது விழத்தான் போகிறது. எப்போது என்பதுதான் தெரியவில்லை.

எழுந்து நடுவழியே நடந்தான். போதகர் பிரசங்கத்தின் நடுவில் இருந்தார். ஆயிரம் கண்கள் முதுகில் குத்துவது போலிருந்தது. மேலேயிருந்து மனைவி பார்ப்பாள், வீட்டுக்குப் போனதும் கேட்பாள் என்ற நினைப்பு வந்தது. வீட்டுக்குப் போனதும் என்ற அந்த வார்த்தைக்குப் பிறகு வேறெதையும் நினைக்காமல் மேடையைப் பார்த்து நடந்தான்.

முன் பெஞ்சு ஓரத்தில் சபைச் செயலர் அவன் கையைப் பிடித்தார். பிரசங்கம் நீளும்போதெல்லாம் போதகருக்குத் தெரியும்படி கைக்கடிகாரத்தை உயர்த்திக் காட்டுகிறவர் அவர். சபையில் அவருக்குக் கடிகாரம் என்றே பெயர்.

"என்னப்பா இது, ஆராதனை நடக்குதில்ல?"

"விடுங்க அண்ணே. பால்கனி இறங்குது. தயவுசெஞ்சு முகத்தை மாத்தாதீங்க."

கடிகாரம் கையை விட்டார். முகத்தை மாற்றாமலிருக்க அவர் பட்ட பாடு, பல்வலிக்காரர் சிரித்ததைப் போலிருந்தது.

போதகர் பேச்சை நிறுத்திக் குனிந்தார். அவன் மேடைப்படியில் ஏறி அவர் காதருகே சொன்னான். "ஐயா, இடது தூண் விட்டுப்போச்சு. மேல இருக்கறவங்களை ஓடாம இறக்கணும். அதுக்கு அடியில இருக்கறவங்களையும் நகத்தணும்."

போதகரின் விரல்கள் மேடைப் பலகையை இறுகப் பிடித்தன. "யாரை முதல்ல கூப்பிடட்டும்?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. உடைந்திருப்பது இடது பக்கம். பாரம் குறைய வேண்டியதும் அங்கேதான். பாடகர் குழு உட்கார்ந்திருப்பது வலது பக்கம், படிக்கட்டை ஒட்டி. அவன் மனைவியும் மகளும் நாலு எட்டு வைத்தால் படியில் இருப்பார்கள். ஆனால் அவர்களை முதலில் இறக்கினால் இடது பக்கத்துப் பாரம் அப்படியே நிற்கும், படிக்கட்டும் அடைபடும்.

"சொல்லுங்க தம்பி."

"இடது பக்கம் முதல்ல. பின்சுவரை ஒட்டி நடக்கணும், முன்விளிம்புக்கு வரக்கூடாது. பாடுறவங்க கடைசி." குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"உங்க வீட்டுல..."

"ஆமா ஐயா. கடைசி."

போதகர் ஒரு கணம் கண்ணை மூடினார். நிமிர்ந்தபோது முகத்தில் வழக்கமான சிரிப்பு இருந்தது. "பிரசங்கம் இன்னைக்கு இவ்வளவுதான்" என்றார். அங்கங்கே நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. "நம்ம பிள்ளைகளைச் சுத்தி நின்னு நாம எல்லாரும் ஜெபிக்கப் போறோம். பின் பெஞ்சுல இருக்கறவங்க எழுந்து முன்னால வாங்க. மேல இருக்கறவங்களும் இறங்கி வாங்க. அவசரமே வேண்டாம். இடது பக்கம் முதல்ல, ஒவ்வொரு வரிசையா, சுவரை ஒட்டி. பாடகர் குழு எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் உட்கார்ந்தே பாடட்டும்."

சீக்கிரம் நழுவுவதற்கென்றே வருஷக்கணக்காகப் பின் பெஞ்சில் உட்காருகிறவர்கள், தங்களுக்குத்தான் இந்தக் குட்டு என்று தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தார்கள். கடிகாரம் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு அனுப்பினார்.

வெல்டர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய், தன் வண்டியிலிருந்து ஜாக்கியையும் ஒரு கனத்த இரும்புக் குழாயையும் தூக்கி வந்தான். இடது தூணுக்குப் பக்கத்தில் ஜாக்கியை வைத்தான். அதன் மேல் குழாயை நிமிர்த்தி, உத்திரத்தைத் தொடும்வரை கைப்பிடியை அழுத்தினான். முட்டுக் கொடுத்ததும் குழாயைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். எண்பது பேரின் பாரத்துக்கு அந்த ஜாக்கி போதாது என்று அவனுக்குத் தெரியும். வேறு எதுவும் கையில் இல்லை.

தலைக்கு மேலே காலடிச் சத்தம். இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு காலடியையும் குழாய் அவன் தோளுக்குச் சொன்னது. யாரோ ஒரு குழந்தை தொம்மென்று குதித்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தான். சிறுவயதிலிருந்து மனப்பாடமாக இருந்த ஒரு ஜெபமும் வரவில்லை. "ஆண்டவரே, அது எட்டு வயசுப் பிள்ளை" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மேலே பாட்டு நிற்கவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் மனைவி விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். குழாயோடு நிற்கும் கணவனைப் பார்த்தாள். அவன் தலையை மிக மெதுவாக ஆட்டினான். எழுந்திருக்காதே என்று சொன்னான் அந்த ஆட்டலில். அவள் முகம் வெளிறியது. குரல் ஒரு வரிக்கு மட்டும் நடுங்கி, மறுபடி சேர்ந்துகொண்டது.

இடது பக்கம் காலியாயிற்று. பிறகு நடு வரிசைகள். கடைசியில் பாடகர் குழு பாடிக்கொண்டே இறங்கத் தொடங்கியது. மகள் படியின் அடியில் வந்து நின்று அப்பாவைத் தேடினாள். கடிகாரம் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். எல்லோருக்கும் கடைசியாக மனைவி வந்தாள். அவள் கால் தரையில் பட்ட பிறகுதான் அவன் குழாயை விட்டு விலகினான்.

அவர்கள் நாலு பெஞ்சு தாண்டியிருப்பார்கள். பின்னால் டங்கென்று ஒரு சத்தம். குழாய் சரிந்து தரையில் உருண்டது. பால்கனியின் இடது மூலை ஒரு முழம் கீழே இறங்கி, சுவரிலிருந்து காரையைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. காலி பெஞ்சுகள் வழுக்கிக் கைப்பிடியில் மோதின. பாட்டு நின்றது. அப்புறம்தான் எல்லோருக்கும் புரிந்தது. பெண்கள் பிள்ளைகளை எண்ணினார்கள். யாரோ தேம்பி அழத் தொடங்கினார்கள்.

எல்லோரையும் வெளியே முற்றத்தில் நிறுத்தி போதகர் நன்றி ஜெபம் செய்தார். "நம்ம தம்பி கண்ணுல ஆண்டவர் காட்டினாரு" என்று அவர் சொன்னபோது வெல்டரால் தாங்க முடியவில்லை. மேலேயிருந்தவர்களைப் பற்றிய பயம் போய், இப்போது வேறொரு பயம் நெஞ்சைப் பிடித்தது. பேசாமல் இருந்தால் இன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடுவார்கள். பேசினால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றான்.

சொன்னான். தலைமுடி அளவு விரிசல், பட்டி, பெயிண்ட், மூன்று மாதம். குரல் பாதியில் செத்துப்போனது. மறுபடி ஆரம்பித்து முடித்தான்.

திடப்படுத்தல் பெற வந்த பிள்ளை ஒருவனின் அம்மா முன்னால் வந்தாள். "எங்க அப்பா, அம்மா, தங்கச்சி, எல்லாரையும் நான்தான் மேல ஏத்திவிட்டேன்" என்றாள். "தெரிஞ்சும் காலையில வாசல்ல நின்னு எங்களுக்கு வணக்கம் சொன்னீங்களே." போதகர் அவனுக்காகப் பரிந்து எதுவும் சொல்லவில்லை. "சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி மகளுக்குச் சோறு போட்டு, வாய் கழுவிவிட்டு, உள்ளே அனுப்பினாள். பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"பன்னிரண்டு ஞாயித்துக்கிழமை" என்றாள். "பன்னிரண்டு தடவை பிள்ளையைக் கூட்டிட்டு நான் மேல ஏறினேன். ஒரு தடவைகூட உங்களுக்கு வாய் வரலையா?"

"விழாதுன்னு நெனச்சேன்."

"இல்ல. பேரு கெட்டுடும்னு நெனச்சீங்க."

அது உண்மைதான். அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவள் எல்லோருக்காகவும் ஜெபித்தாள். அவன் முறை வந்தபோது வாய் திறக்கவில்லை. மகள்தான் ஆமென் சொல்லி முடித்துவைத்தாள்.

அடுத்த ஞாயிறு பால்கனியைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த பொறியாளர் முழுவதையும் கழற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். பாடகர் குழு கீழே ஓரமாக நின்றது. வெல்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றான். உள்ளே போகக் கால் கூசியது. மகள் கையைப் பிடித்து இழுத்த பிறகே போனான். அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து வேறு இடத்துக்குப் போயிற்று. மகள் அவர்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதல் பாட்டு முடிந்து பாடகர் குழு கலைந்ததும் மனைவி வந்தாள். அந்தப் பெஞ்சைப் பார்த்தாள், காலியான இடத்தைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. ஆனால் மகளைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.