புளிக்காத தயிர் சாதம்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இரும்பு ஆலையில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு ராமபத்ரன். அந்த அறைக்கு இரண்டு தரை. சிமெண்டுத் தரைக்கு ஒரு முழம் மேலே, இரும்புக் கால்களில் பலகை பாவிய இன்னொரு தரை. நடுவே ஒயர் ஓடியது, ஏசிக் காற்று ஓடியது, இப்போது எலியும் ஓடியது. பாழாய்ப்போன எலி மறுபடியும் ஒயரைக் கடித்து, மெஷின் நின்றுவிட்டது.

“வயல்ல அறுப்பு சார், அதான் உள்ள வருது” என்றான் அட்டெண்டர் துளசிராமன்.

“இத்தனை ரூமை விட்டுட்டு இங்க வருவானேன்? திங்க என்ன கொட்டிக் கிடக்கு? தூக்குடா பலகையை!”

துளசிராமன் தலையைச் சொறிந்தான். ராமபத்ரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானே குனிந்து பலகையைத் தூக்கினார். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. ஒயர்களுக்கு நடுவே தூக்குச்சட்டிகள், மோர்ச் சொம்பு, வாழையிலையில் மடித்த மல்லிகைப்பூ.

“கம்ப்யூட்டர் ரூமா, சத்திரமாடா இது? எல்லாத்தையும் வெளியில எறி! முதல்ல அந்தத் துணி சுத்தின டப்பாவை!”

“அது வேணாம் சார்.”

“ஏன், உன்னுதா?”

“உங்கள்து சார். தயிர் சாதம் வெயில்ல புளிச்சிப்போவுதுன்னு தெனம் கத்திக்கினு இருந்தீங்களே. சித்திரையிலேர்ந்து காலையில இங்க வெச்சி, சாப்பாட்டு நேரத்துல எடுத்து மேசையில வெச்சிடுறேன்.”

ராமபத்ரன் பலகையைப் பிடித்தபடியே நின்றார். நேற்றுதான் மனைவி அரவிந்தவல்லியிடம் சொல்லியிருந்தார்: “இப்பத்தான் உனக்குப் பாலுக்கு உறை குத்தவே வந்திருக்கு.”