நாலு கை தாய்மாமன்

மனுசன் நிலாவில் கால் வைத்த வருசம் அது. ஊரெல்லாம் ரேடியோவுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கனகாம்பாளுக்கு அதைக் கேட்க நேரமும் இல்லை, மனசும் இல்லை. "போறவன் போவட்டும், அங்க எறா கெடச்சா வந்து சொல்லச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பழவேற்காடு ஏரிச் சேற்றில் நண்டு பொறுக்கப் போய்விட்டாள். அவளுக்கு வேறு கவலை.

அந்தக் குப்பத்தில் ஆளாளுக்கு இஷ்டம்போல் ஏரியைக் கலக்க முடியாது. எறா, அதான் இறால், வாகாய் வருகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். அது வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். முறை வந்தால் அந்த வீட்டு ஆம்பிளை தண்ணியில் இறங்கி வலை கட்ட வேண்டும். அவன் படுத்துக்கொண்டால் ரத்த உறவில் ஒருத்தன் இறங்கலாம். அடுத்தடுத்து ரெண்டு முறை தவறினால் அந்த வீட்டுக்கு ஏரியில் பங்கே கிடையாது. கனகாம்பாள் புருசன் குப்பனுக்குத் திருக்கை முள் ஏறிக் கால் உரல் கணக்காய் வீங்கிக் கிடந்தது. ஒரு முறை ஏற்கெனவே போயாச்சு. அடுத்தது வெள்ளிக்கிழமை. ஆம்பிளைக்கு எங்கே போவாள்? கூடப் பிறந்த ஒரே தம்பி சின்னராசு, அவள் பிறந்த ஊரில், சின்ன வயசிலேயே காணாமல் போனவன். எங்கேயோ ஓடிப்போயிருக்கிறான், வருவான் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மகள் ரத்னாவுக்கு அஞ்சு வயசாகியும் காது குத்தவில்லை. மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் வேண்டுமே!

சேற்றில் இடுப்பு வரைக்கும் புதைந்து ஒருத்தன் நின்றான். உடம்பெல்லாம் நீலம்.

"காலங்காத்தால ஏத்திக்கினியா, கஸ்மாலம்!" என்றாள் கனகாம்பாள்.

அவன் காதோரம் ஒரு பொத்தானை அமுக்கினான். "காலங்காத்தால ஏத்திக்கினியா, கஸ்மாலம்!" என்று அதே ராகத்தில் அவனும் சொன்னான். அந்தப் பொத்தானின் வேலை அது. எந்த ஊர் பாஷையும் வரும், ஆனால் முதலில் யார் பேசினார்களோ அவர்கள் வாய்தான் ஒட்டிக்கொள்ளும். பாவம், அவனுக்கு வாய்த்தது கனகாம்பாள் வாய்.

நண்டுக் குச்சியால் ரெண்டு போட்டுவிட்டு அதே குச்சியை நீட்டி இழுத்தாள். ஒரு கை வந்தது, ரெண்டு வந்தது, மூணு, நாலு. வேறு யாராவது இருந்தால் கத்தியிருப்பார்கள். இவளும் கத்தினாள். கத்தி முடித்ததும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

"யார்ரா நீ?"

"மேலேர்ந்து ஓடியாந்தவன்கா. அண்டக் காவலன் வஜ்ரன்னு ஒருத்தன் கீறான். இன்னிக்கி ஒரு நட்சத்திரத்தக் காப்பாத்துவான், நாளிக்கி ஒரு கிரகத்தக் காப்பாத்துவான். அவன் முதுகுல தொங்குற போர்வ தரையில படாம தூக்கிக்கினு பின்னாலயே ஓடுறது என் வேல. எங்கப்பனுக்கும் அதான் வேல, அவங்கப்பனுக்கும் அதான். ஒரு நாள் போர்வையப் போட்டுட்டு வந்துட்டேன். மாட்டுனா ஆயுசுக்கும் இருட்டுப் பாறையில போட்டு அடச்சிடுவான்."

"உன் பேரு இன்னா?"

"போர்வ தூக்கி."

"த்தூ, அதெல்லாம் ஒரு பேரா? இன்னியிலேர்ந்து நீ சின்னராசு. என் தம்பி. வாய மூடிக்கினு வா."

குப்பனின் பழைய சட்டைக்குள் ரெண்டு கையை மடக்கிக் கட்டினாள். நீலத்துக்குக் காரணமா கிடைக்காது? ஆரணிப் பக்கம் லுங்கிக்குச் சாயம் போடுகிற பட்டறையில் தொட்டிக்குள் விழுந்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னாள். ஊர்ப் பெரியதனக்காரர் திருமலை சந்தேகத்தோடு வந்து, "இத்தினி வருசமா எங்கப்பா இருந்த?" என்று கேட்டார்.

"எங்க இருந்தா உனுக்கு இன்னா நைனா, நீ நாஷ்டா போட்டியா எனுக்கு?"

திருமலை கையெடுத்துக் கும்பிட்டார். "சந்தேகமே இல்ல, இவ தம்பிதான்."

மாமன் வந்தாச்சு என்றால் ஊர் சும்மா விடுமா? புதன்கிழமையே அம்மன் கோயிலில் காது குத்து வைத்துவிட்டார்கள். ரத்னா மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி காதில் ஏறியதும் பிள்ளை கத்தியது. பிள்ளையைவிட மாமன் அதிகமாகக் கத்தினான். அப்போது சட்டை இடுக்கிலிருந்து மூணாவதாய் ஒரு கை வந்து, பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு உள்ளே போனது. நல்லவேளை, ஊர் எறாக் குழம்பு வாசனையில் இருந்தது, பார்க்கவில்லை. எல்லோரும் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மாமனை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை சின்னராசு தண்ணியில் இறங்கினான். வெளியே ரெண்டு கை கழி ஊன்றியது, தண்ணிக்கு அடியில் ரெண்டு கை வலையை இழுத்துக் கட்டியது. எறா வந்து குவிந்தது. கரையில் நின்ற கனகாம்பாளுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு மின்னல். தங்கக் கலரில் உடம்போடு ஒட்டின உடுப்பு, கால்சட்டைக்கு மேலே ஜட்டி, முதுகில் சிவப்புப் போர்வை. ஒருத்தன் பறந்து வந்து நடு வலையில் தொபுக்கட்டீரென்று குதித்தான். வலை டர்ரென்று கிழிந்தது. பிடித்த எறா அத்தனையும் ஓடியது.

"பூவுலக மக்களே, அஞ்சற்க! யான் அண்டக் காவலன் வஜ்ரன்!" என்றான். வருகிற வழியில் ரேடியோ கேட்டுத் தமிழ் கற்றவனாம்.

அஞ்சினால்தானே! "யார்ரா அவன், அடுத்தவன் முறையில பாடுக்குள்ள எறங்குனவன்!" என்று கழியும் கூடையுமாக ஊரே கரைக்கு வந்துவிட்டது. எத்தனையோ பூதத்தைப் பார்த்தவன்தான் வஜ்ரன். கூடை தூக்கிய மீன்காரிகளை அவன் பார்த்ததில்லை, ரெண்டடி பின்னால் போனான்.

திருமலை நிதானமாய்ச் சொன்னார். "தம்பி, பறந்து வா, நடந்து வா, அது உன் சௌகரியம். அடுத்தவன் முறையில கால் வெச்சா, கிழிஞ்ச வலையப் பொத்திக் குடுத்துட்டுத்தான் போவணும். இது இந்த ஊரு சட்டம்."

வஜ்ரன் நெஞ்சை நிமிர்த்தினான். "எவ்வுலகு சென்றாலும் அவ்வுலகின் சட்டத்துக்குத் தலைவணங்குவது எனது சபதம்!"

"ரொம்ப சந்தோசம். இந்தா ஊசி."

மலையைத் தூக்குகிற கைக்கு நைலான் முடிச்சு பிடிபடவில்லை. ஊசியை உடைத்தான். இன்னொன்று கொடுத்தார்கள், அதையும் உடைத்தான். உற்றுப் பார்த்தால் கண்ணிலிருந்து நெருப்பு வந்து வலையில் புது ஓட்டை விழுந்தது. "கண்ண மூடிக்கினு பொத்துடா, பேஜாரு புடிச்சவனே!" என்று கனகாம்பாள் கத்தினாள். அவன் போர்வை சேற்றில் புரண்டதும் சின்னராசுவின் கை ஒன்று பழக்கதோசத்தில் தானாகப் போனது. அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

ஒரு வழியாய் வலையைப் பொத்தி முடித்துவிட்டு வஜ்ரன் எழுந்தான். "இனி என் கைதியைத் தருக. இவன் இப்பெண்ணின் தம்பியல்லன். காண்பீர்!" சட்டையைப் பிடித்துக் கிழித்தான்.

நாலு கையும் வெளியே தொங்கியது. திருமலையின் முகம் மாறிவிட்டது. ரத்த உறவு இல்லாதவன் இறங்கினால் முறை செல்லாது. ரெண்டாவது முறையும் போனால் பங்கு போச்சு.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது நைனா" என்றான் சின்னராசு. "நாந்தான் ஏமாத்துனேன். நான் இவன்கூடப் போறேன். அவங்க பங்க மட்டும் புடுங்காதீங்க."

திருமலை கனகாம்பாளைப் பார்த்தார். "ஆமா, ஏமாத்திட்டான்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. உன் மேல தப்பில்லன்னு வேற நாள் முறை தரோம்."

ஒரு வார்த்தைதான். சொன்னால் பங்கு நிற்கும், குப்பன் கால் ஆறியதும் பிழைப்பு நடக்கும். கனகாம்பாள் சின்னராசுவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏமாத்துனது நானு" என்றாள். "என் தம்பி எங்கியும் ஓடிப்போவல. கடலுக்குப் போனான், அல தூக்கிடுச்சு. வருவான் வருவான்னு சொல்லிக்கினே இருந்தா வந்துடுவான்னு நெனச்சேன். இவனுக்கு அந்தப் பேர வெச்சது நாந்தான். பங்கு போனாப் போவட்டும். இவன அனுப்ப மாட்டேன்."

"மாமாவுக்கு நாலு கைன்னு எனுக்கு அப்பவே தெரியும்" என்றாள் ரத்னா. "எனுக்கு மூக்கு தொடச்சுச்சே."

திருமலை தாடையைச் சொறிந்தார். அப்புறம் ஊரைப் பார்த்துத் திரும்பினார். "இந்தப் புள்ளைக்கு யார் மடியில காது குத்துனாங்க?"

"இவன் மடியிலதான்."

"சோறு துன்னது யாரு?"

"நாங்கதான்" என்றது ஊர், கொஞ்சம் வெட்கத்தோடு.

"குத்துன காத இனிமே மூட முடியாது, துன்ன சோத்தயும் திருப்பிக் குடுக்க முடியாது. மடியில வெச்சு காது குத்துனவன் மாமன். மாமன்னா அவ அம்மாவுக்குத் தம்பி. தம்பின்னா முறை செல்லும். கை நாலா இருந்தா இன்னா, நாப்பதா இருந்தா இன்னா?" வஜ்ரன் பக்கம் திரும்பினார். "தாய்மாமன ஊரவுட்டு அனுப்புறது எங்க சட்டத்துல இல்ல. இந்தப் புள்ள கல்யாணத்துக்கு அவன் சீர் செய்யணும். அவ புள்ளைக்குக் காது குத்தணும்."

"அனைத்தும் எப்போது முடியும்?"

"மாமன் வேல எங்கப்பா முடியுது?"

சபதம் போட்டவன் என்ன செய்வான்! திரும்பி நடந்தான். போர்வை சேற்றில் இழுபட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"நீயே தூக்கிக்கினு போ!" என்றாள் கனகாம்பாள். போர்வையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அண்டக் காவலன் பறந்து போனான்.

"அதெல்லாம் சரி, நாலு கையால புடிச்சா அது ரெண்டு ஆளு பாடாச்சே?" என்று அடுத்த முறைக்காரன் துளசிராமன் கிளம்பினான். நியாயம்தான். வலை கட்டும்போது ரெண்டு கையைக் கட்டிவிட வேண்டும் என்று தீர்ப்பானது. கனகாம்பாளே கட்டிவிட்டாள். அவன் மறுபடி தண்ணியில் இறங்கினான்.

வழக்கு நடந்து தீர்ந்த முறையென்றால், முறைக்காரன் பேரைப் பெரியதனக்காரர் கரையில் நின்று கூப்பிட வேண்டும், தண்ணியில் நிற்பவன் பதில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் வலை கட்டலாம். திருமலை கையைக் குவித்துக் குரல் கொடுத்தார். "கனகாம்பா தம்பி சின்னராசு பாடேய்!"

கனகாம்பாள் அந்தப் பேரைத் தண்ணியைப் பார்த்துக் கூப்பிட்டு எத்தனை வருசம்! அன்றைக்குப் பிறந்த ஊர்க் கரையில் அவளும் அவள் ஆத்தாளும் தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள், பதில் வரவில்லை.

"கீறேன்க்கா!" என்று ஏரியிலிருந்து குரல் வந்தது.

கரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.